நூற்று முப்பத்தோராவது சட்டம்

செத்து நாலாயிரம் வருடம் ஆகப்போகிற ஒரு ராசாவின் மேல் மரியோவுக்கு எரிச்சல் வரத் தொடங்கியது போன செப்டெம்பரில். ராசாவின் பெயர் ஹம்முராபி. பாபிலோனை ஆண்டவன். அவன் தன் பாட்டுக்கு ஆண்டுவிட்டுப் போயிருந்தால் மரியோவுக்கு ஒரு சேதமுமில்லை. ஆனால் மரியோவின் மனைவி மக்டலீன் அந்தப் பெயரை வாயில் எடுக்கும்போதெல்லாம் அவள் முகம் மலர்ந்து போனது. கல்யாணம் முடித்து இருபத்திரண்டு வருடமாகிறது. தன்னைச் சாப்பிடக் கூப்பிடும்போது அந்த முகத்தை மரியோ ஒருநாளும் கண்டதில்லை.

மக்டலீன் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறவள். மன்னாரில் உயர்தர வகுப்பில் சரித்திரம் படித்தவள். சோதனை எடுக்க வேண்டிய வருடத்தில் சண்டை பெருத்து, குடும்பத்தோடு கடல் தாண்டவேண்டி வந்ததால் படிப்பு அந்தரத்தில் நின்றுபோனது. மகள் ஸ்டெபனி படிக்கவென்று வாட்டர்லூவுக்குப் போனதும், வோபர்னில் அவர்களுடைய சின்ன வீட்டில் பேச்சுச் சத்தம் குறைந்துவிட்டது. ஒருநாள் மக்டலீன் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே, தான் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்குப் பதிந்துவிட்டதாகச் சொன்னாள். 'ஆதி நாகரிகங்கள்.' சனிக்கிழமை காலை பத்து மணி.

"நல்லது, படியும்," என்றான் மரியோ. மனதார்த்தான் சொன்னான். அவன் பஸ் ஓட்டுகிறவன். சனிக்கிழமை அவனுக்கு லீவு. தானே காரில் கொண்டுபோய் இறக்கி, ஒரு மணிக்குப் போய்த் தானே ஏற்றிக்கொண்டு வந்தான். முதல் இரண்டு கிழமையும் அவனுக்கு அது பெருமையாகவே இருந்தது. கோயிலில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்தான்.

மூன்றாவது கிழமை மக்டலீன் வாசலில் இன்னொருவரோடு பேசிக்கொண்டு நின்றாள். நெடிய மனிதர். நரை விழுந்த தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார். மக்டலீன் எதையோ சொல்ல அவர் சிரித்தார். அவர் சொல்ல அவள் சிரித்தாள். மரியோ ஹோர்ன் அடித்தான். அடித்திருக்கத் தேவையில்லை, அவர்கள் நின்றது பத்தடி தூரத்தில்.

"வணக்கம் சார், நான் ஸ்ரீநிவாசன்," என்று அவர் கார் ஜன்னலுக்குக் குனிந்தார். "மேடமும் நானும் ஒரே குரூப். கிளாஸ்லயே நாங்க ரெண்டு பேர்தான் தமிழ், ரெண்டு பேர்தான் அம்பது வயசுக்காரங்க. பசங்க எல்லாம் எங்கள அங்கிள் ஆன்ட்டின்னு ஓரம் கட்டிட்டாங்க."

சென்னையில் வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவராம். வேளையோடு ஓய்வு எடுத்துக்கொண்டு இப்போது ஆசைக்குப் படிக்கிறாராம். வேதவல்லி என்று மனைவி இருக்கிறாவாம், இரண்டு பிள்ளைகளும் கல்யாணம் முடித்துவிட்டார்களாம். இதெல்லாம் மரியோவுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மேடம் என்ற அந்த ஒரு சொல் அவனுடைய காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் மனைவியை மேடம் என்று கூப்பிடுவோமா? கூப்பிட்டால் சிரிப்பாளா?

மரியோவை உள்ளபடி சொல்லவேண்டும். மக்டலீன் பிழையாக நடப்பாள் என்று அவன் நினைக்கவில்லை. அப்படி நினைத்திருந்தால் அவனுக்குக் காரியம் சுலபமாக இருந்திருக்கும். அவனை அரித்தது வேறொன்று. கால் உளைவு என்றால் மக்டலீன் அவனிடம் சொல்லுவாள். ஹீட்டர் பழுதென்றாலும், வேலையில் சூப்பர்வைசர் ஏசினாலும் அவனிடம்தான். ஆனால் மனதுக்குள் ஒரு நினைப்பு முளைத்தால் போனை எடுத்து ஸ்ரீநிவாசனுக்கு அனுப்பினாள். தன்னிடம் சுமையும் அந்த மனிதரிடம் சுவையும் போகிறது என்று மரியோ கணக்குப் பார்த்தான். அந்தக் கணக்கு ஒவ்வொரு நாளும் அவனுக்கு நெஞ்சுக்குள் எரிந்தது.

சும்மா எரிந்துகொண்டிருக்கிற ஆள் அல்ல அவன். போட்டிக்கு இறங்கினான். பஸ் தரிப்பில் நிற்கிற நேரத்தில் போனில் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து, இரவுச் சாப்பாட்டில் புட்டைக் குழைத்தபடி எடுத்துவிட்டான்.

"ஹம்முராபி கெட்டிக்காரன்தான் என்ன? அவ்வளவு பெரிய பிரமிட்டையும் கட்டிக்கொண்டு, சட்டமும் எழுதினவனெல்லே."

மக்டலீனுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தாள். "ஐயோ என்னப்பா, அது எகிப்து. இவன் பாபிலோன். அங்கை எங்கையப்பா பிரமிட்?"

மரியோவும் சிரித்தான். பிழை விட்டாலும் பரவாயில்லை, மனுசியைச் சிரிக்க வைத்தாயிற்று. அன்றைக்கு அவன் நிம்மதியாகப் படுத்தான்.

அந்த நிம்மதிக்கு ஆயுள் ஐந்து நாள். சனிக்கிழமை ஏற்றப் போனபோது ஸ்ரீநிவாசன் தூரத்திலேயே கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், ஹம்முராபிய எகிப்துக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணிட்டீங்களாமே! மேடம் சொல்லி, நான் விழுந்து விழுந்து சிரிச்சேன்."

மரியோவின் முகத்தில் இரத்தம் குப்பென்று ஏறியது. வீட்டு மேசையில், இரண்டே பேருக்கு நடுவில் விழுந்த பகிடி அது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மனிதருக்குப் பரிமாறியிருக்கிறாள். காரில் வரும்போது அவள் என்ன என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான்.

பிறகுதான் புத்தகத்தில் கை வைத்தான்.

தடித்த புத்தகம். பழையது. ஸ்ரீநிவாசன் பழைய பிரதி இரண்டை மலிவாக எடுத்து ஒன்றை மக்டலீனுக்குக் கொடுத்திருந்தார். அவள் வேலைக்குப் போகிற நாட்களில் அது சமையலறை மேசையில் கிடக்கும். மரியோ அதைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய், பஸ் கடைசித் தரிப்பில் நிற்கிற எட்டு நிமிடத்துக்குள் படித்துவிட்டு, அவள் வருவதற்கு முன்னால் திரும்ப வைத்துவிடுவான். என்ன இருக்கிறது இதற்குள், இப்படிச் சிரிப்பதற்கு?

படித்தால் சும்மா சொல்லக்கூடாது, புத்தகம் நன்றாகத்தான் இருந்தது. சுமேரியர்கள் ஒரு பெரிய சாடி பியரை நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றியிருந்து நீட்டுக் குழாயால் உறிஞ்சுவார்களாம். வேலைக்குக் கூலியாக பார்லியை அளந்து கொடுப்பார்களாம். பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வந்தால் பிரம்படியாம். கோயிலுக்குப் போய் நிற்க நேரமில்லாதவர்கள், கண்ணைப் பெரிதாகத் திறந்து கைகட்டி நிற்கிற தங்கள் சிலையொன்றைச் செய்வித்து, தங்களுக்குப் பதிலாகச் சாமிக்கு முன்னால் நிறுத்துவார்களாம். மரியோவுக்கு அந்த ஏற்பாடு மிகவும் பிடித்துக்கொண்டது. நூலகத்தில் மக்டலீனும் ஸ்ரீநிவாசனும் படிக்கிற மேசைக்குப் பக்கத்தில் தன் சிலை ஒன்று முழித்துக்கொண்டு நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று யோசித்தான்.

ஆனால் அச்சடித்த எழுத்தை விட ஓரத்தில் இருந்த எழுத்துத்தான் அவனுடைய கண்ணில் குத்தியது. பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் குறிப்புகள். மணிமணியான ஆங்கிலம், சற்றே சரிந்த எழுத்து. இஸ்திரி போட்ட சட்டைக்காரரைத் தவிர வேறு யார் இப்படி எழுதுவார்கள்? புத்தகத்தைக் கொடுத்தது போதாதென்று, பக்கம் பக்கமாகக் கதைத்தும் கொடுத்திருக்கிறார்!

ஊர்ப் பெரியவர்கள் கூடி ஆலோசனை சொல்வதைப் பற்றிய பக்கத்தில் ஒரு குறிப்பு: 'எங்கள் பங்குச் சபை மாதிரி. எல்லோரும் பேசுவார்கள், ஃபாதர் முடிவெடுப்பார்.' மரியோ ஸ்டியரிங்கில் ஓங்கிக் குத்தினான். பங்குச் சபையில் நடக்கிறதை அந்த மனிதருக்கு யார் சொன்னது? கோயில் விஷயமும் போய்விட்டதா? பியர்ச் சாடிப் படத்துக்குப் பக்கத்தில்: 'நத்தார் பண்டிகைக்கு பேஸ்மென்டில் ஆண்கள்.' அடுத்த குத்து. அந்த பேஸ்மென்டும் மரியோவினது, நத்தாரும் மரியோவினது. போன வருடம் படியில் தடக்கி விழுந்ததும் மரியோதான். அதையும் சொல்லிவிட்டாளே!

அடுத்த நாள் ஸ்டெபனியின் பழைய பென்சில் பெட்டியைக் கிளறி அழிறப்பர் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எட்டு நிமிடத்துக்கு நாலு பக்கம். சுமேர் ஒரு நாளில் முடிந்தது. எகிப்துக்கு இரண்டு நாள் சென்றது. அழித்த துகளை ஜன்னலால் ஊதிவிடுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஆனந்தம். ஐம்பத்தொரு வயதுக்காரன் செய்கிற வேலையா இது என்று ஒரு தடவை அவனுக்கே தோன்றியது. ஆனாலும் கை நிற்கவில்லை.

ஹம்முராபியின் சட்டங்கள் இருந்த பக்கத்துக்கு வந்தபோது கொஞ்சம் நின்றான். நூற்று முப்பத்தோராவது சட்டம். ஒரு மனைவியை அவளுடைய கணவனே குற்றம் சாட்டினால், அவள் வேறொருவனோடு இருந்து பிடிபடவுமில்லை என்றால், அவள் கடவுள் பேரில் சத்தியம் செய்துவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பலாம். மரியோ அதை இரண்டு தரம் வாசித்தான். எவ்வளவு நியாயமான சட்டம்! ஓரத்தில் அதே சரிந்த எழுத்து: 'பாவம். பயந்துபோன மனுசன்.'

என்னைத்தான் சொல்கிறான் என்று மரியோ நினைத்தான். அந்த வரியைத் தாள் கசங்கும்வரை அழித்தான்.

வியாழக்கிழமை மரியோவும் மக்டலீனும் மூன்று மணிக்கே வீட்டில் நின்றார்கள். சனிக்கிழமை வகுப்பில் மக்டலீனும் ஸ்ரீநிவாசனும் பாபிலோன் பெண்களைப் பற்றிப் பேசவேண்டும், பாதி மார்க்ஸ் அதற்குத்தான். மக்டலீன் மேசையில் இருந்து புத்தகத்தை விரித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள், இன்னொரு பக்கம் புரட்டினாள். பிறகு வேகமாகப் புரட்டினாள். அழிறப்பர்த் துகள் கொஞ்சம் மேசையில் கொட்டியது.

"என்னப்பா, இந்தப் புத்தகத்தை ஆர் எடுத்தது?"

மரியோ கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். "எந்தப் புத்தகம்?"

"வீட்டிலை நாங்கள் ரெண்டு பேர்தான் இருக்கிறம்."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு கிழமை மூஞ்சையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் மாட்டுப்பட்ட ஆம்பிளைக்குப் புத்தி ஓடுகிற பக்கமே வேறு. அவன் தண்ணீர்ப் பைப்பைப் பூட்டிவிட்டுத் திரும்பினான்.

"ஓம், நான்தான் அழிச்சனான். அந்தாள் உமக்குப் பக்கம் பக்கமா எழுதித் தர, நான் பாத்துக்கொண்டிருக்கோணுமோ? என்ர வீட்டுக் கதை, கோயில் கதை, நான் விழுந்த கதை, எல்லாம் அந்தாளுக்குப் போகுது. எனக்கு வாறது கால் உளைவு மட்டும்."

மக்டலீன் அவனை உற்றுப் பார்த்தாள். "நீங்கள் என்ன கேக்கிறீங்கள்? விளங்கிற மாதிரிக் கேளுங்கோ."

"உமக்கும் அந்தாளுக்கும் இடையிலை என்ன?"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவனுக்குத் தெரிந்தது. மக்டலீனின் முகத்தில் ஒரு நிறமும் இல்லை.

"என்னத்தையாவது கண்டனீங்களோ?"

"காணேல்லை. காணேல்லை எண்டபடியாத்தான் முறையாக் கேக்கிறன்." அவன் புத்தகத்தை இழுத்து, பக்கத்தைத் தேடி விரலை வைத்தான். "நூற்றி முப்பத்தொண்டு. உம்மட ராசா சொன்னதுதான். சத்தியம் பண்ணும், விஷயம் முடிஞ்சுது. இதுக்கு அடுத்த சட்டத்தையும் பாரும், ஊர் சனம் கதைச்சால் பொம்பிளை ஆத்துக்குள்ளை குதிக்கோணுமாம். நான் உம்மை ஹைலண்ட் கிறீக் ஆத்துக்கோ கூட்டிக்கொண்டு போறன்?"

தான் பாபிலோனியரை விடத் தாராளமாக நடக்கிறேன் என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

மக்டலீன் எழும்பினாள். சமையலறையில் அலுமாரிக்கு மேல் அந்தோனியார் சுரூபம் இருந்தது. எங்கள் ஆட்கள் பொய்ச் சத்தியம் பண்ணப் பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான். அதனால்தான் சத்தியம் கேட்பதற்கும் பயப்படுவார்கள். கோவில் சொத்து, காணி எல்லை என்று பெரிய வழக்குகளுக்குத்தான் அவரை இழுப்பது. அவள் மெழுகுதிரியைக் கொளுத்தினாள். சுரூபத்தின் காலடியில் வலது கையை வைத்தாள்.

"எனக்கும் ஸ்ரீநிவாசனுக்கும் இடையிலை படிப்பைத் தவிர வேறை ஒண்டுமில்லை. அந்தோனியார் அறிய."

குரல் நடுங்கவில்லை. திரியை வாயால் ஊதாமல் கையால் அணைத்தாள். மரியோவுக்கு மூன்று மாதமாக நெஞ்சில் கிடந்த பாறை அப்படியே உருண்டு போனது. அவனுக்குப் பசிகூட எடுத்தது.

"சரி, சரி. முடிஞ்சுது. தேத்தண்ணி போடட்டே?"

மக்டலீன் மேசைக்கு வந்து இருந்தாள். ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அவன் பக்கம் தள்ளினாள். மணிமணியான, சற்றே சரிந்த எழுத்து. 'பாவம். பயந்துபோன மனுசன்.'

மரியோ தாளைப் பார்த்தான். புத்தகத்தில் கசங்கின இடத்தைப் பார்த்தான். தேத்தண்ணிக்கு எடுத்த கேத்தில் கையிலேயே நின்றுவிட்டது.

"ஸ்ரீநிவாசன் புத்தகத்திலை ஒரு கோடும் கீறமாட்டார். அவருக்கு அது பாவம்," என்றாள். "இது என்ர கையெழுத்து. மூண்டு மாசமா, வேலையால வந்து, நீங்கள் ஹொக்கி பாக்கிற நேரத்திலை எழுதினது. சனிக்கிழமைக்கு நான் பேச வைச்சிருந்த முழுவதும் அதுதான்."

"எனக்குத் தெரியாது, மக்டலீன். உம்மட இங்கிலீஸ் எழுத்தை நான் எப்ப கண்டனான்?"

"ஓம். எப்ப கண்டனீங்கள்?"

இருபத்திரண்டு வருடம். தமிழில் எழுதின கடைச்சாமான் துண்டுகளைத் தவிர அவள் எழுதின ஒன்றையும் அவன் வாசித்ததில்லை. வாசிக்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. முதன்முதல் அவளுடைய மனதில் ஓடுவதை வரிவரியாக வாசிக்கக் கிடைத்தபோது, இன்னொருவருடையது என்று எரிந்து எரிந்து அழித்திருக்கிறான். அந்த வரிகளுக்காகத்தான் பொறாமைப்பட்டான். அவை அவனுடைய வீட்டு மேசையிலேயே கிடந்தன.

"இப்ப நூற்றி நாப்பத்திரண்டை வாசியுங்கோ," என்றாள் மக்டலீன்.

"என்னத்துக்கு?"

"நான் உங்கட சட்டத்துக்குக் கட்டுப்பட்டனான். என்ர சட்டத்துக்கு நீங்கள் கட்டுப்படுங்கோ. சத்தமா."

மரியோ தடக்கித் தடக்கி வாசித்தான். ஒரு பெண் தன் கணவனை வெறுத்து, இனி நீ என்னைத் தொடாதே என்று சொன்னால், அவள் ஊரில் விசாரணை வைக்க வேண்டும். அவளிடம் பிழையில்லை, கணவன்தான் அவளை மிகவும் இழிவுபடுத்துகிறான் என்று கண்டால், குற்றம் அவளுடையதல்ல. அவள் தன் சீதனத்தை எடுத்துக்கொண்டு தகப்பன் வீட்டுக்குப் போகலாம்.

"விசாரணைக்கு ஆரைக் கேப்பம்? ஸ்டெபனிக்குப் போன் எடுப்பமோ?"

"வேண்டாம். அவளை இதுக்குள்ளை இழுக்காதையும்."

"அப்ப நீங்களே சொல்லுங்கோ. பிழை ஆரிலை?"

அவன் புத்தகத்தை மூடி அவள் பக்கம் தள்ளினான்.

"சரி, விசாரணை முடிஞ்சுது. சீதனத்தைத் தூக்கிறதெண்டால் இந்த வீட்டிலை அரைவாசியைத் தூக்கோணும், அது இப்ப கிடக்கட்டும். அப்பாவும் இல்லை. நான் அன்ட்ரூ அண்ணை வீட்டை போறன்."

பகிடி விடுகிறாள் என்று அவன் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தான். அவள் ஒரு கையில் பெட்டியும் மற்றக் கையில் போனுமாக மாடியில் இருந்து இறங்கினாள். அன்ட்ரூ இருப்பது ஸ்ரௌவ்வில்லில், மார்க்கம் நகருக்கும் வடக்கே. புது வீடுகள் வரிசையாக முளைக்கிற இடம். காரில்லாமல் போக முடியாது. மக்டலீனுக்குக் கார் ஓடத் தெரியாது. ஆக, வேறு யார், மரியோவே பெட்டியைத் தூக்கி ட்ரங்கில் வைத்து, மரியோவே காரை எடுத்தான்.

மார்க்கம் றோட்டில் வேலை முடிந்த வாகனங்கள் நெரிந்துகொண்டு நின்றன. மக்டலீன் மடியில் புத்தகத்தை விரித்து, அழிந்த ஓரங்களில் ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதத் தொடங்கினாள். பென்சில் ஓடுகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்க்க மனம் கிடந்து துடித்தது. சிவப்பு விளக்கில் நின்றபோதும் அவன் பார்க்கவில்லை. அந்த உரிமை தனக்கு இப்போது இல்லையென்று தெரிந்திருந்தது.

"என்னிலைதான் பிழை," என்றான்.

"ஓம்," என்றாள் மக்டலீன். எழுதிக்கொண்டே சொன்னாள்.

"எத்தினை நாளைக்கு?"

"தெரியாது."

அன்ட்ரூவின் வீட்டு ட்ரைவ்வேயில் காரை நிறுத்தினான். பெட்டியை இறக்கிக் கதவடியில் வைத்தான். அன்ட்ரூவின் மனைவி யூஜினி கதவைத் திறந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். மரியோ கார்த் திறப்புக் கொத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான். அவனிடம் ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. இந்த மூன்று மாதமும் ஒரு கிழமைகூடத் தவறாமல் செய்த காரியம் அது.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு வந்து ஏத்த?"

"நீங்கள் வரத் தேவையில்லை. வோபர்னிலை இருந்து இஞ்சை வந்து, திரும்ப அங்கை போறது உங்களுக்கு அலைச்சல்," என்றாள் மக்டலீன். கோபமாகச் சொல்லவில்லை. வழி விசாரித்த ஒருவருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "ஸ்ரீநிவாசன் மார்க்கத்திலைதான் இருக்கிறார். இஞ்சையிருந்து கிட்ட. இனிக் கிழமைக்குக் கிழமை அவரே வந்து ஏத்துறாராம்."